காய்ச்சல் என்று சொன்னவர்கள்

"உங்க ஊட்டுக்காரருக்கு என்ன காய்ச்சல் வந்துச்சுங்க?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். டைபாய்டா, மலேரியாவா, மூளைக்காய்ச்சலா என்று அவர்களே பெயரும் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு மனுஷன் சொன்னான், இன்னொரு மனுஷன் நம்பினான். அதில் என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்தார். இனி கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அக்னி நட்சத்திரம். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கறிக்கோழிப் பண்ணையில் வேலை செய்தார். நான் வேறொருவருடைய ஹேச்சரியில், அதாவது முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கிற இடத்தில், கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அன்று காலை அவர் கம்பங்கஞ்சி குடித்துவிட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. நானே கண்ணால் பார்த்தது இது. பிறகு இதைச் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல், அவரோடு வேலை செய்யும் மாரப்பன் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து ஹேச்சரி வாசலில் நின்றார். சட்டை முழுக்கக் கோழி இறகு.

"அக்கா, அண்ணன் உளுந்துபோட்டாருங்க. பேச்சு ஒண்ணும் சரியில்லீங்க. டாக்டர் கிட்டக் கொண்டு போயிருக்காங்க. வாங்க."

வண்டியில் போகும்போதே பாதிக் கதையைச் சொன்னார். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஷெட்டுக்குள் கோழிகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்துவிட்டன. லாரியில் தண்ணீர் வரவழைத்து, சுற்றிலும் நனைத்த சாக்கைக் கட்டி, கூரை மேலும் கோழி மேலும் தெளித்தார்களாம். ஈரமும் புழுக்கமும் சேர்ந்து உள்ளே மூச்சு முட்டியதாம். செத்த கோழிகளை அள்ளிக் கொட்டும் வேலை என் வீட்டுக்காரருக்கும் மாரப்பனுக்கும். தாங்க முடியாமல் அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றப் போனபோது முதலாளி சொன்னாராம்: "நாச்சிமுத்து, தண்ணியச் செலவு பண்ணாதீங்க. கோழிக்கே பத்தாதுங்க."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அதுதான் அவருடைய சுபாவம்.

கொஞ்ச நேரம் கழித்து "வெளிய போயி உக்காந்துக்கறனுங்க" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் ஒரு ஷெட்டுத்தானுங்க, முடிச்சுப்போட்டு உக்காருங்க" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் 'ங்க' இல்லாமல் பேச மாட்டோம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். ஒரு மனுஷனைச் சாகவிடுவதையும் 'ங்க' போட்டே செய்யலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பல்லடத்து டாக்டரின் கிளினிக்கில் என் வீட்டுக்காரரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. அதைக் குளிர்நடுக்கம் என்று நினைத்து இரண்டு கம்பளியைப் போட்டு மூடியிருந்தார்கள். ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். பக்கத்தில் முதலாளி நின்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளாவே காய்ச்சலாமுங்க. மறைச்சுப்போட்டு வேலைக்கு வந்திருக்காருங்க. நமக்குத் தெரியாமப் போச்சுங்க."

நான் வாசற்படியிலேயே கத்தினேன். "இல்லீங்க! காலையில நல்லாச் சாப்பிட்டுப்போட்டுத்தான் வந்தாருங்க. ஒரு காய்ச்சலும் இல்லீங்க!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வயதானவர், ஊருக்கே கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். என்னைப் பார்த்தார், முதலாளியின் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். "அம்மணி, பதறாதே. விஷக்காய்ச்சல்தான். ஊசி போட்டிருக்கேன், வேர்த்து உடும். நீ வெளிய உக்காரு" என்றார்.

நான் பதினான்கு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவள். ஆனாலும் என் புருஷனின் உடம்பு எனக்குத் தெரியாது, அவரை வேலை வாங்குகிறவருக்குத்தான் தெரியும் என்று அந்தப் படித்த மனுஷர் முடிவு செய்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேர்க்கும், வேர்க்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. உள்ளே போய்க் கம்பளிக்குள் கையை விட்டேன். தோசைக்கல் மாதிரி காய்ந்து கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

அதற்குள் சேதி கேட்டு என் கொழுந்தனார் தங்கவேலு வந்துவிட்டார். தறிக்குடோனில் வேலை, வாய் கொஞ்சம் துடுக்கு. யாரையும் கேட்கவில்லை. வாடகைக்கு ஒரு அம்பாசிடர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, அண்ணனைக் கம்பளியோடு தோளில் தூக்கிக்கொண்டார். "அண்ணி, ஏறுங்க. கோயமுத்தூர் போலாம்." முதலாளி "எதுக்குங்க அவசரம், டாக்டர் பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு" என்றார். தங்கவேலு அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கோயமுத்தூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வயசு முப்பதுகூட இருக்காது. தள்ளுவண்டியில் இருந்தவரைத் தொட்டதும் கம்பளியை உருவி மூலையில் எறிந்தார்.

"யாரு போர்த்தினது?"

"பல்லடத்துல டாக்டருங்க. காய்ச்சல்னு..."

"எங்க வேலை செய்யறாரு?"

"கோழிப்பண்ணைங்க. ஷெட்டுக்குள்ள."

"இன்னைக்குமா? இந்த வெயில்லயா?"

நான் தலையாட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தெர்மாமீட்டரை அக்குளில் வைக்காமல் ஆசனவாயில் வைத்துப் பார்த்தார். நூற்றாறைத் தாண்டியிருந்தது. துணியை எல்லாம் கழற்றச் சொன்னார். இரண்டு டேபிள் ஃபேனை இழுத்து வந்து இரண்டு பக்கமும் வைத்தார்கள். நர்ஸ்கள் உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் ஒரு கை அளவுகூட இல்லை. "எங்கிருந்தாவது கொண்டு வாங்க, சீக்கிரம்" என்று சத்தம் போட்டார்.

தங்கவேலு ஓடினார். உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து மீன் அடைக்கிற ஐஸ்கட்டியைக் கோணிச்சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டு வந்தார். சாக்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் ஆஸ்பத்திரி வராந்தா நெடுகக் கோடு போட்டிருந்தது. காவலாளி திட்ட வாயெடுத்தவர், தங்கவேலுவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் நாலைந்து நாள் என் வீட்டுக்காரர் மேல் மீன் வாசம் அடித்தது. அந்த வாசம் அடிக்கிறவரை எனக்கு ஒரு தெம்பு.

பண்ணையில் கோழிக்குக் கொட்டிய தண்ணீரில் ஒரு குடம் அவர் தலையில் விழுந்திருந்தால் இந்த ஐஸுக்கு வேலையே வந்திருக்காது.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மூச்சுக்குக் குழாய் போட்டு அவரை உள்ளே வைத்திருந்தார்கள். சூடு இறங்கிவிட்டது, ஆனால் சேதம் இனிமேல்தான் தெரியும் என்றார்.

"இறங்கிடுச்சுன்னா சரியாப் போயிருமில்லீங்களா?"

"அப்படி இல்லம்மா. எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூங்க."

"நொதின்னு படிச்சிருப்பீங்களே, என்சைம்?"

படித்திருந்தேன். எச்சிலில் ஒன்று, இரைப்பையில் ஒன்று என்று பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மறந்து போயிருந்தேன்.

"வயித்துல மட்டும் இல்ல. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல இருக்கு. சக்கரையை எரிச்சு சக்தியாக்கறது, கல்லீரல்ல விஷத்தை முறிக்கறது, எல்லாம் அதுக வேலை. ஒவ்வொண்ணும் ஒரு புரோட்டீன் இழை. ஒரு தினுசா மடிஞ்சு சுருண்டிருக்கும். அந்த மடிப்பு இருந்தாத்தான் வேலை நடக்கும். சூடு கொஞ்சம் ஏறினா இன்னும் வேகமா வேலை செய்யும். அதுக்குமேல ஏறினா மடிப்பு பிரிய ஆரம்பிச்சிடும்."

"முட்டை வெந்த மாதிரிங்களா?"

"முட்டை வேகற சூடு வரைக்கும் மனுஷன் தாங்க மாட்டான். ஆனா அந்த வழியில முதல் அடின்னு வெச்சுக்கலாம். சிலது சூடு தணிஞ்சா மறுபடி மடிஞ்சுக்கும். உடம்பு புதுசாவும் செஞ்சுக்கும். ஆனா அதுக்குள்ள செல்லோட சுவரே இளகி ஒழுகியிருந்தா, அந்தச் செல் போனது போனதுதான்."

ரத்தப் பரிசோதனையில் தசைக்குள் இருக்க வேண்டிய நொதியும் கல்லீரலுக்குள் இருக்க வேண்டிய நொதியும் ரத்தத்தில் எக்கச்சக்கமாகக் கலந்து கிடக்கிறது என்றார். "வீட்டுக்குள்ள இருக்கற பாத்திரம் தெருவுல உருண்டு கிடந்தா என்ன அர்த்தம்? சுவர் இடிஞ்சிருக்குன்னுதானே?" தசை உடைந்து வந்த சரக்கு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. குழாய் வழியே வந்த மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

"அப்ப அந்த ஊசி? காய்ச்சல் ஊசி போட்டாங்களே?"

"காய்ச்சல்ங்கறது கிருமியை எதிர்க்க மூளையே சூட்டை ஏத்தி வைக்கறது. அந்த மருந்து மூளைகிட்டப் போயி, போதும் குறைச்சுக்கோன்னு சொல்லும். இவருக்கு மூளை ஏத்தவே இல்லையேம்மா. வெளியில இருந்து சூடு உள்ள போச்சு. வேலை செஞ்ச தசையும் சூட்டைக் கக்குச்சு. ஷெட்டுக்குள்ள இருந்த புழுக்கத்துல வேர்வை காயவே இல்ல. அப்புறம் வேர்வையும் நின்னு போச்சு. மருந்து யார்கிட்டப் போயி என்ன சொல்லும்? இதுக்கு ஒரே வைத்தியம் தண்ணியும் காத்தும்தான். அதுவும் உடனே."

தண்ணியும் காத்தும். ஆஸ்பத்திரிகூட வேண்டாம், டாக்டர்கூட வேண்டாம். நான் எழுந்து வெளியே வந்து, சுவரில் கையை வைத்து நின்றேன். என் ஹேச்சரியில் முட்டை அடைகாக்கும் மிஷினில் சூடு ஒரு டிகிரி கூடினால் மணி அடிக்கும். மேனேஜர் சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவார். முட்டைக்கு அந்த மரியாதை இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு மணி அடிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். என்னையும் வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்பினார்கள். டயாலிசிஸ் என்றார்கள். காத்திருக்கும் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு எங்களைப் போல் எத்தனையோ பேர். கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த பாத்திமாக்காவின் மகன் பக்கத்துப் படுக்கையில் இருந்தான். நான் மாற்றுச்சேலை இல்லாமல் இருப்பதைப் பார்த்துத் தன் சேலையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நான் கட்டியிருந்ததைத் துவைத்துக் காயப்போட்டார். "உன் மூஞ்சியப் பாத்தா அழுற மாதிரி இல்லம்மா, யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு. எதுக்கும் சாப்பிட்டுட்டு அடி" என்று ஒரு நாள் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்தார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். பில் கட்ட என்ன விற்றோம், யாரிடம் கை நீட்டினோம் என்பதை எழுதப் போவதில்லை. அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

முதலாளி ஒரு நாள் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும். பின்னால் மாரப்பன். கூடத்தில் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"காய்ச்சலோட வேலைக்கு வரலாமுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊட்டுக்கு அனுப்பியிருப்பனுங்களே. நம்ம ஆளுன்னு எத்தனை நாளாப் பழக்கமுங்க."

"காய்ச்சல் இல்லீங்க. ஷெட்டுச் சூடுங்க. டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"அவங்களுக்கு என்னங்க தெரியும். அதே ஷெட்டுல மாரப்பன் இல்லீங்களா? நானும்தான் போயிட்டு வந்தனுங்க. அவருக்கு உடம்புல சத்துப் பத்தலீங்க."

நான் கேட்டேன். "அன்னைக்கு எத்தனை கோழி செத்துச்சுங்க?"

உடனே எண்ணிக்கையைச் சொன்னார். எந்த ஷெட்டில் எத்தனை, சராசரி எடை எவ்வளவு, வியாபாரி என்ன விலைக்குக் கேட்டிருந்தான் எல்லாம் ஒரே மூச்சில்.

"ஷெட்டுக்குள்ள எத்தனை ஆளுங்க இருந்தாங்க?"

அவர் மாரப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்க. நீங்க சொல்லுங்க. எத்தனை பேரு? தலையில ஊத்தப் போன தண்ணியக் கீழ வைக்கச் சொன்னீங்களே, அந்த ஆளு மட்டும் ஞாபகம் இருக்குதுங்களா?"

என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். முதலாளி "என்னம்மணி, மரியாதையில்லாமப் பேசற" என்றார். அவர் வாயிலிருந்து 'ங்க' முதல் தடவையாகக் கழன்று விழுந்தது. நான் மாரப்பனைப் பார்த்தேன். மாரப்பன் தரையைப் பார்த்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மறுநாளும் அதே பண்ணையில் வேலை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது வேறு தினுசுக் கோபம்.

ஹார்லிக்ஸ் பாட்டிலை நான் தொடவில்லை. தங்கவேலு அதைக் கொண்டு போய் முதலாளியின் கார் பானெட்டில் வைத்துவிட்டு வந்தார். பிறகு புகார் கொடுக்கலாம் என்று அலைந்தோம். பார்த்த ஆள் சொல்ல வேண்டும் என்றார்கள். பார்த்த ஆள் ஒருவரும் சொல்லவில்லை. பல்லடத்து டாக்டரோ விஷக்காய்ச்சல் என்று சொன்னதை மாற்றவில்லை. அதோடு முடிந்தது.

என் வீட்டுக்காரர் கண் விழித்தபோது என்னைத் தெரிந்துகொண்டார். சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கல்லீரலும் தேறியது. உடம்பு தன்னைத்தானே எப்படிச் செப்பனிட்டுக்கொள்கிறது என்று டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். ஆனால் பேச்சு வரும்போது இழுத்து இழுத்து, துண்டு துண்டாக வந்தது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன கை பக்கத்தில் போய்த் தட்டியது. நிற்க வைத்தபோது காலை அகட்டி வைத்துத் தள்ளாடினார்.

"சிறுமூளை" என்றார் டாக்டரம்மா. "நடையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்தற இடம். அங்க இருக்கற சில செல்லுக சூடு தாங்காது. முதல்ல போறது அதுகதான்."

"திரும்ப வருமுங்களா?"

"பழகப் பழகக் கொஞ்சம் தேறும். முழுசா வராதும்மா." பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..."

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொரு கொடுமை ஆரம்பித்தது. தள்ளாடி நடந்து, நாக்குக் குழறிப் பேசுகிற ஆணை ஊர் என்னவென்று நினைக்கும்? வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத மனுஷன். டீக்கடையில் சிரித்தார்கள். பண்ணையில் குடித்துவிட்டுத்தான் விழுந்தான் என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுபரிசோதனைக்காகக் கோயமுத்தூர் போகப் பல்லடத்தில் பஸ் ஏறினோம். படியில் அவர் கால் தடுமாறியது. கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். "யோவ், காலங்காத்தாலயே ஊத்திப்போட்டு வந்துட்டியா? எறங்கு, எறங்கு."

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தக் கண்டக்டர் தலையில் விழுந்தது. கோழி, ஷெட், தண்ணி வாளி, கம்பளி எல்லாவற்றையும் படியில் நின்றபடியே கத்திச் சொன்னேன். கண்டக்டர் பாவம், முகம் செத்துப்போய் முன் ஸீட்டைக் காலி செய்து கொடுத்தார். யாரோ ஒரு அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. சிங்காநல்லூர் தாண்டிய பிறகுதான் பேசினார். ஒவ்வொரு சொல்லாக, இடையிடையே மூச்சு வாங்கி. "வசந்தா... என்... உடம்பு. நீ... ஏலம் போடாதே."

எனக்குச் சுருக்கென்றது. "பின்ன குடிகாரன்னு சொன்னாச் சும்மா இருக்கணுமா மாமா?"

"வேண்டா... ம். நானே... சொல்றேன்."

அடுத்த மாசம் திரும்பவும் போனோம். அதே தடம், வேறு கண்டக்டர். பஸ் காரணம்பேட்டையில் நின்று கிளம்பியது. டிக்கெட் வாங்கச் சில்லறையை நீட்டிய என் வீட்டுக்காரர் கை, கண்டக்டரின் பையில் இடித்தது. "காலையிலேயே நல்ல சுதியாட்ட இருக்குது" என்று கண்டக்டர் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"குடி... இல்லீங்க," என்று ஆரம்பித்தார். "காய்ச்சலும்... இல்லீங்க."

கண்டக்டர் நகரப் பார்த்தார். அவர் கண்டக்டரின் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மரியாதையாகத்தான் பிடித்திருந்தார், ஆனால் விடவில்லை. ஒரு சொல் வரும், நிற்கும், உதடு கோணும், அடுத்த சொல் வரும். நான் இடையில் ஒரு எழுத்துக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முதலாளியின் பெயரையும் ஊரையும் சொன்னார். எந்தப் பண்ணை என்றும் சொன்னார். சூலூர் வந்தபோதுதான் அவர் சொல்லி முடித்தார். இறங்க வேண்டியவர்கள்கூட அதுவரை எழுந்திருக்கவில்லை.